எக்ஸ்ரே அறையில் திறந்திருந்த எண்

அந்த எலும்பு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் எக்ஸ்டென்ஷன் அக்கா. வாசலில் நிற்கிற காவல்காரரிலிருந்து தலைமை டாக்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘நெட்வொர்க் நிர்வாகி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பெயர் வந்த கதை பழையது. இருபத்திரண்டு வயதில் அவள் அங்கே சேர்ந்தது டெலிபோன் ஆபரேட்டராக. மாடிப்படிக்குக் கீழே, சட்டென்று எழுந்தால் தலை இடிக்கிற ஒரு அறை. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை, பலகை நிறைய ஓட்டைகள், அவற்றில் செருகுவதற்கு வயர்கள். வெளியிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். “யார் பேசறீங்க? யார் வேணும்? என்ன விஷயமா?” மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் வயரைச் செருகுவாள். நூற்றுப் பதினாறு எக்ஸ்டென்ஷன் எண்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். டாக்டர்கள் தங்கள் அறையின் எண்ணையே அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

பிறகு பலகையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும்தான். ஆனால் புதிதாக வந்த கம்ப்யூட்டர் வயர்களும் சுற்றிச் சுற்றி அதே மாடிப்படி அறைக்கு வந்து சேர்ந்தன. வயர் இழுக்க வந்தவர்கள் பேசிக்கொண்டதை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாள். இணையத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய எண். அதற்குள் போர்ட் என்று ஆயிரக்கணக்கான சின்ன எண்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று. வலைப்பக்கம் கேட்டு வருகிறவர்கள் ஒரு எண்ணுக்கு வருவார்கள், கோப்பு அனுப்புகிறவர்கள் இன்னொன்றுக்கு, பிரிண்டருக்கு வேறொன்று.

“அட, இது எக்ஸ்டென்ஷன்தானே!” என்றாள்.

வயர்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அந்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தாள். முப்பத்தாறு வயதில் பரீட்சை எழுதப் போனபோது, லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி இரண்டு பேனா வாங்கிக் கொடுத்து வாசல் வரை வந்து நின்றார். ஒரு பேனா மை கக்கியது. இருந்தாலும் பாஸ்.

புது வேலை அவளுக்கு உண்மையில் பிடிபட்டது ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு காலைப் பொழுதில். நாலு மாடியிலும் இருந்த பிரிண்டர்கள் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு, யாருக்கும் புரியாத மொழியில் ஒரே ஒரு வரியைப் பக்கம் பக்கமாகத் துப்ப ஆரம்பித்தன. பெண்கள் வார்டில் காகிதம் கணுக்கால் வரை கிடந்தது. மூத்த நர்ஸ் ஒருத்தி, “இது ஏதோ காத்து கருப்பு வேலை” என்று சொல்லிவிட்டு பிரிண்டர் பக்கமே போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அக்கா ஓடி ஓடிப் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பிரிண்டர்களின் எண் வெளியுலகத்துக்குத் திறந்தே கிடந்திருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அவற்றோடு பேசலாம். யாரோ பேசியிருக்கிறார்கள்.

“நம்ம மேல யாருக்குங்க அப்படி என்ன கோபம்?” என்று அன்று வீட்டில் கணவரிடம் கேட்டாள். பதிலையும் அவளே கண்டுபிடித்தாள். கோபமெல்லாம் யாருக்கும் இல்லை. யாரோ ஓடவிட்ட ஒரு நிரல் ராப்பகலாக உலகத்து எண்களை எல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறது. எது பதில் சொல்கிறதோ அங்கே நிற்கிறது. ஆஸ்பத்திரி என்றும் பார்ப்பதில்லை, ஆட்டுக்கொட்டகை என்றும் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் ஒரு நோட்டும் பென்சிலுமாக வார்டு வார்டாக அலைந்தாள். எந்த எந்திரம், அதில் எந்தெந்த எண் திறந்திருக்கிறது, யாருக்காக? யாருக்கென்று தெரியாததை மூடினாள். டெல்நெட் என்ற பழைய வழி ஒன்று இருந்தது. அதில் போனால் கடவுச்சொல் உறையில்லாத கடிதம் மாதிரி வழியில் நிற்கிறவர்கள் எல்லாம் படிக்கும்படி போகும். அதை எங்கே கண்டாலும் அடைத்தாள். கம்பெனியிலிருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை மாற்றினாள். கணக்குப் பிரிவின் எந்திரம் எக்ஸ்ரே எந்திரத்தைப் பார்க்க முடியாதபடி நடுவில் வேலி போட்டாள். எல்லோரும் முணுமுணுத்தார்கள். “அக்காகிட்ட எதைக் கேட்டாலும் முடியாதுதான்” என்பது ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றே சொல்லவேண்டும்.

திங்கட்கிழமை காலைகளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், வீட்டில் டீ குடித்துக்கொண்டே தன் லேப்டாப்பிலிருந்து ஆஸ்பத்திரியின் எண்களை எல்லாம் வெளி ஆள் போலத் தட்டிப் பார்ப்பது அவள் வழக்கம்.

“என்ன இது, யார் வீட்டு ஜன்னலையோ எட்டிப் பாக்கற மாதிரி?” என்பார் கணவர்.

“நம்ம ஜன்னல்தாங்க. தெருவுல நின்னு பாத்தாத்தானே திறந்திருக்கறது தெரியும்?”

பதில் சொல்லவேண்டிய எண்கள் இரண்டே இரண்டு. நோயாளிகள் தங்கள் அறிக்கையைப் பார்க்கிற வலைப்பக்கம் ஒன்று. வெளியூர் போகிற டாக்டர்கள் பாதுகாப்பாக உள்ளே வர ஒரு வழி, அது இன்னொன்று. ஆறு வருடமாக அந்த இரண்டும்தான். அந்தத் திங்கட்கிழமை மூன்றாவதாக ஒன்று பதில் சொன்னது.

மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது. தூரத்தில் இருக்கிற ஒருவர் இங்கே இருக்கும் கம்ப்யூட்டரை, எதிரில் உட்கார்ந்திருப்பது போலவே இயக்குவதற்கான எண் அது. டீ டம்ளர் அவள் கையில் அப்படியே நின்றது.

“என்னாச்சு? முகம் ஏன் இப்படிப் போச்சு?”

“வண்டியை எடுங்க. பஸ்ஸுக்கெல்லாம் நேரமில்ல.”

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடத்தில், இணையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கிற வெளிவாசல் எந்திரத்தில் அந்த எண்ணை மூடினாள். அது கொண்டுபோய் விட்ட இடம் தரைத்தளத்து எக்ஸ்ரே படங்களைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர். நேராகப் போய் அதன் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். பிறகு அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் வருகைப் பதிவைத் திறந்தாள். கீழே உருட்ட உருட்ட முடிகிற வழியாக இல்லை. வியாழக்கிழமை மாலையிலிருந்து நாற்பத்தோராயிரம் முறை யாரோ கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் தட்டியிருக்கிறார்கள். அட்மின் என்ற பெயரில், டாக்டர் என்ற பெயரில், எக்ஸ்ரே என்ற பெயரில். சில நொடிக்கு ஒருதரம். அவள் இதே அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போன சனிக்கிழமையும்கூட.

அதற்கு நடுவே நான்கு வரிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. நான்கு முறை கடவுச்சொல் சரியாக இருந்திருக்கிறது. நான்கு முறை யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.

அந்த நான்கு நேரங்களையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் எலும்பு டாக்டர் மாடியிலிருந்து போனில் பிடித்துக்கொண்டார். “அக்கா, படம் ஒண்ணும் வரல! இங்க ஒரு தபால்காரர் மணிக்கட்டை உடைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் எதைப் பாத்துக் கட்டுப் போடறது?”

“எக்ஸ்ரே எந்திரத்தோட ஸ்க்ரீன்லயே படம் இருக்கு டாக்டர். இன்னிக்கு மட்டும் கீழ இறங்கி வந்து பாருங்க.”

“ரெண்டு மாடி!”

“லிப்ட் ஓடுது டாக்டர். எங்க வீட்டுக்காரர் பாத்த லிப்ட்தான், நிக்காது.”

டாக்டர் முனகிக்கொண்டே வந்தார். தபால்காரருக்குக் கட்டுப் போட்டாயிற்று. அக்கா மாடிப்படி அறைக்குத் திரும்பி, அந்த எண்ணைத் திறந்தது யார் என்று வெளிவாசல் எந்திரத்தின் பதிவைத் தேடினாள். கிடைத்தது. வியாழக்கிழமை, எக்ஸ்ரே எந்திரத்தின் வருடாந்தரப் பராமரிப்புக்கு வந்த சர்வீஸ் என்ஜினியரின் கணக்கு. அந்தக் கணக்கைக் கொடுத்தது அவளேதான். அரை நாள் வேலை, மாலையே அவர் செய்ததைச் சரிபார்த்து எடுத்துவிடலாம் என்று கொடுத்தாள். அன்றைக்குப் பார்த்து மூன்றாவது மாடியில் ஏதோ தகராறு. மறந்தே போனாள்.

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் ‘முடியாது’ சொல்கிறவள் செய்த காரியம்.

கதவருகே யாரோ செருமினார்கள். படக்காரர்.

எக்ஸ்ரே பிரிவின் மூத்த டெக்னீஷியனுக்கு ஆஸ்பத்திரியில் அதுதான் பெயர். ஐம்பத்தேழு வயது. கட்டைக்குரல், அதிகம் பேசாத மனிதர். படத்தில் இடது வலது மாறிவிடாமல் ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்க்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். இப்போது அதைக் கையில் எடுத்து வளைத்துக்கொண்டிருந்தார்.

“அது நான்தாம்மா.”

“எது அண்ணே?”

“அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வெளியிலருந்து வந்தது. சர்வீஸ் பண்ண வந்தவர்கிட்ட, வீட்டுலருந்து பாக்கற மாதிரி பண்ணித் தர முடியுமான்னு கேட்டேன். அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. தப்புன்னு தெரியும். வேலை போனாப் போகட்டும். வேற யாரையும் சந்தேகப்பட்டுடாதீங்க.”

அக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. “என்ன அண்ணே இது! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

படக்காரர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. “கேட்டேனேம்மா. ரெண்டு மாசம் முன்னாடி. இதே இடத்துல நின்னு.”

கேட்டிருந்தார். அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அன்று அவள் ஏதோ வயரைக் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள். “வீட்டுலருந்து படம் பாக்க வழி உண்டாம்மா?” என்றார். தலையைக்கூட நிமிர்த்தாமல் “டாக்டர்களுக்கு மட்டும்தான் அண்ணே, முடியாது” என்றாள். சரிம்மா என்று போய்விட்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. யாரோ முகம் தெரியாதவர் போன் பண்ணினால்கூட என்ன விஷயமாக என்று கேட்டவள்.

“உக்காருங்க அண்ணே. இப்ப சொல்லுங்க. எதுக்கு?”

படக்காரர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். வந்த வார்த்தைகள் சிக்கனமாக வந்தன. மனைவிக்கு நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது கை வராது, பேச்சு போய்விட்டது. பகலில் துணைக்கு ஓர் அம்மாள் இருக்கிறாள், மாலை ஆறு மணிக்குப் போய்விடுவாள். புறநோயாளிகளின் படங்கள் எல்லாம் சேர்ந்து வந்து குவிவது ஆறு மணிக்குத்தான். அவற்றைச் சரிபார்த்து டாக்டர்களுக்கு அனுப்ப எட்டரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரம் மனைவி தனியாக.

“போன மாசம் நான் போறப்ப கட்டிலுக்குக் கீழ கிடந்தா. எவ்வளவு நேரமாக் கிடந்தான்னு சொல்லத் தெரியல அவளுக்கு. கூப்பிடவும் குரல் இல்ல.” ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வீட்டுலயே உக்காந்து பாத்தா, பக்கத்துல இருப்பேன்ல.”

அக்கா மேசையில் இருந்த வயர் துண்டுகளை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். பிறகு வேலை நேரத்துக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“சரி. நாலு தடவை உள்ள வந்திருக்கு. வியாழன், வெள்ளி, சனி, மூணும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, ஒரே இடத்துலருந்து. அது உங்க வீடு. ஞாயிறு மத்தியானம் ரெண்டே கால் மணிக்கு வேற ஒரு இடத்துலருந்து. அது யாரு?”

படக்காரர் முழித்தார். “ஞாயித்துக்கிழமையா? நான் வரலையேம்மா.”

நாற்பத்தோராயிரம் ஊகங்களில் ஒன்று பலித்துவிட்டதா? அப்படியானால் படங்கள், பெயர்கள், நோயாளிகளின் விவரம் எல்லாம் இந்நேரம் எங்கே போயிருக்கும்? அவள் கை போனைத் தேடியது.

“இருங்க, இருங்க” என்றார் படக்காரர். நெற்றியில் கை வைத்து யோசித்தார். “ஞாயிறு அவளை அவ தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மச்சினன் நான் என்ன வேலை பாக்கறேன்னு கேட்டான். அவன் கம்ப்யூட்டர்ல ரெண்டு படம் காட்டினேன். ஆமா. சாப்பிட்டு முடிச்ச உடனே. அது வேலை இல்லையேன்னு மறந்துட்டேன்.”

“மச்சினனைக் கூப்பிடுங்க. இப்பவே.”

மச்சினன் ஆபீசில் இருந்தார். அவர் வீட்டம்மா போனை எடுத்தார். அக்கா சொன்ன வலைப்பக்கத்துக்குப் போய், அதில் தெரிந்த அவர்கள் வீட்டு இணைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பதிவில் இருந்த எண்ணோடு கடைசி இலக்கம் வரை சரியாக இருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வேறு யாரும் உள்ளே வரவில்லை.

“கடவுச்சொல் நல்லதாத்தாம்மா வச்சிருந்தேன்” என்றார் படக்காரர். “யாருக்கும் தெரியாது. அவளை நான் வீட்டுல கூப்பிடற பேரு. கூட ஒண்ணு ரெண்டு மூணு.”

“பேரைச் சொல்லிடாதீங்க அண்ணே.”

“இல்ல, சரிபாக்கணும்னா...”

“ஐயோ, வேணாம். அது உங்களுக்குள்ளயே இருக்கட்டும். அந்த மாதிரிச் செல்லப் பேரு, பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு, இதெல்லாம் அவங்க வச்சிருக்கற பட்டியல்ல ஆயிரக்கணக்குல இருக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வந்திருப்பாங்க. இனிமே அதை எங்கயும் போடாதீங்க, வீட்டுல கூப்பிட மட்டும் வச்சுக்குங்க.”

அந்தப் பெரிய மனிதருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார் என்று பிறகு எக்ஸ்ரே பிரிவில் சொன்னார்கள். அது மிகையாக இருக்கலாம்.

யாரும் வரவில்லை என்றாலும் அக்கா அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே விடவில்லை. முழுக்கத் துடைத்துப் புதிதாக ஏற்றினாள். எக்ஸ்ரே பிரிவின் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினாள். மூன்று நாள் டாக்டர்கள் மாடி இறங்கி ஏறினார்கள்.

அறிக்கை எழுதும்போது முதல் பத்தியை இப்படி ஆரம்பித்தாள்: சர்வீஸ் என்ஜினியருக்குக் கொடுத்த தற்காலிகக் கணக்கை அன்றே சரிபார்த்து நீக்காமல் விட்டது நான். இரண்டாவது பத்தி: மூத்த டெக்னீஷியன் இந்த வசதியை முறையாக என்னிடம் கேட்டார், காரணம் விசாரிக்காமல் மறுத்துவிட்டேன். மூன்றாவதாகத்தான் படக்காரர் செய்தது வந்தது. அதையும் மழுப்பவில்லை.

நிர்வாக மேடம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்தார். “அவரைச் சஸ்பெண்ட் பண்ணாம முடியாதே அக்கா. நாளைக்கு ஒவ்வொருத்தரும் இப்படிப் பண்ண ஆரம்பிச்சா?”

“அப்ப என்னையும் பண்ணுங்க மேடம். வரிசைப்படி பாத்தா நான்தான் முதல்ல.”

“உங்களைப் பண்ணிட்டு நான் யாரை வச்சு ஆஸ்பத்திரி நடத்தறது?”

“அவரைப் பண்ணிட்டு யாரை வச்சுப் படம் பாக்கறது? அவர் கேட்டது நியாயம், மேடம். வழிதான் தப்பு. சரியான வழி எங்கிட்ட இருந்துச்சு. நான் குடுக்கல.”

மேடம் வெகு நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேருக்கும் எழுத்தில் ஆளுக்கொரு எச்சரிக்கை. முப்பது வருட வேலையில் அக்காவுக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. வீட்டில் காட்டியபோது கணவர் இரண்டு தரம் படித்துவிட்டு, “பரவாயில்ல, பிழையில்லாம எழுதியிருக்காங்க” என்று மடித்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா படக்காரர் வீட்டுக்குப் போனாள். கணவரும் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். இரண்டு அறை வீடு, தரைத்தளம். கட்டிலை ஜன்னலோரம் போட்டு, அதன் பக்கத்திலேயே ஒரு மேசையும் கம்ப்யூட்டரும். படக்காரரின் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரிப் பின்னி இருந்தது. பின்னல் கொஞ்சம் கோணல். பின்னியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலையில் இருந்தவர் என்று படக்காரர் சொன்னார். இருபத்தாறு வருடம் வண்டி எண்ணையும் நடைமேடையையும் ஊருக்கே சொன்ன குரல். அந்த அம்மாள் இடது கையை உயர்த்தி வரவேற்றார். “வா” என்ற ஒரு எழுத்து வந்தது, மீதி வரவில்லை.

அக்கா வேலையைத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிக்குள் வருவதற்கு டாக்டர்களுக்கு இருக்கிற அதே பாதுகாப்பான வழி. இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது எல்லாம் பூட்டுப் போட்டுப் போகும். வழியில் யார் கேட்டாலும் புரியாது. அந்த வழியில் போனால் படக்காரருக்கு எக்ஸ்ரே படங்களின் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் தெரியும், ஆஸ்பத்திரியில் வேறொன்றும் தெரியாது. நீளமான புதுக் கடவுச்சொல். அதற்கும் மேலே, அவர் போனில் ஆறு இலக்க எண் ஒன்று வரும். முப்பது நொடிக்கு ஒருதரம் மாறிவிடும். அதையும் போட்டால்தான் உள்ளே விடும்.

“கடவுச்சொல்லை எவன் திருடினாலும், உங்க போன் அவன் கையில இல்லைல?”

படக்காரர் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. போன் கட்டிலில் இருந்தது. “இதுல என்ன போட்டிருக்கும்மா?” என்று கேட்டவர், அக்கா பதில் சொல்வதற்குள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

மனைவி போனை இடது கையில் எடுத்திருந்தார். உதடு அசைந்தது.

“நா... நாலு.”

படக்காரர் அவசரமாகக் கம்ப்யூட்டரில் நாலைத் தட்டினார்.

“ஏ... ழு.” அவ்வளவில் எண் மாறிவிட்டது. புது எண்ணைப் பார்த்து மனைவி முகத்தைச் சுளித்தார், ரயில் சொன்ன நேரத்துக்கு வராதது போல. பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அக்காவின் கணவர் சக்கர நாற்காலியின் தளர்ந்த பிரேக்கை முறுக்கிக்கொண்டிருந்தவர், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு தரம் மட்டும் பின்னால் கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் அக்காவின் பதிவில் தினமும் சரியாக ஆறு நாற்பதுக்கு ஒரு தகராறு. படக்காரர் கணக்கில் எண் தவறு, எண் தவறு, எண் தவறு. ஐந்து தவறினால் கால் மணி நேரம் கதவு அடைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் அவள் போன் செய்தாள்.

“அண்ணே, என்ன ஆச்சு? போன்ல எண் சரியா வரலையா?”

“சரியா வருதும்மா. அவதான் படிக்கிறா. ஆறையும் சொல்லி முடிக்கறதுக்குள்ள மாறிடுது. நானே பாத்துப் போட்டுடலாம். ஆனா அவ விட மாட்டேங்கறா.” தயங்கினார். “நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா? ஒரு நிமிஷம்?”

அவள் நாக்கு நுனிக்கு வழக்கமான ‘முடியாது’ வந்தது. முடியவும் கூடாதுதான். ஒருவருக்காக நேரத்தை நீட்டினால் ஊகிக்கிறவனுக்கும் நேரம் நீளும்.

“அது வேணாம் அண்ணே. ஒண்ணு பண்ணுங்க. ஆறு மணிக்கே போனைக் குடுத்துடுங்க. கம்ப்யூட்டர்ல எதுவும் போடாதீங்க, சும்மா படிக்கட்டும். எண் மாறிக்கிட்டே இருக்கும், அவங்க பாட்டுக்குப் படிக்கட்டும். வேலை ஆரம்பிக்கிறப்ப நீங்க பாத்து ஒரே தடவை போடுங்க.”

“அப்ப அவ படிச்சதைப் போட முடியாதே?”

“எந்த நாள் முப்பது நொடிக்குள்ள முடிக்கிறாங்களோ, அந்த நாள்லருந்து அவங்க சொல்றதைப் போடுங்க.”

ஏழு வாரம் ஆயிற்று. ஒரு புதன்கிழமை காலை அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பாதி வழி வந்துவிட்டார்.

“நேத்து ஆறு நாப்பத்திரண்டு. பதிவுல பாருங்க. அது அவ சொன்ன எண்ணும்மா. ஆறும். நான் போன் பக்கம் திரும்பவே இல்ல.”

அக்கா பதிவைப் பார்த்தாள். பெயர், நேரம், ‘ஏற்கப்பட்டது’ என்று ஒரு வரி. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகவேண்டும். அவளால் கொஞ்ச நேரம் போக முடியவில்லை.

அதன் பிறகு அவளிடம் ஏதாவது கேட்டு வருகிறவர்களுக்கு அவள் ஒரு காகிதத்தை நீட்டுவாள். ‘என்ன வேண்டும்’ என்பதற்குக் கீழே ‘எதற்காக’ என்று நாலு வரி இடம் விட்டிருக்கும். பாதிப் பேருக்கு இன்னமும் முடியாதுதான். ஆனால் அதை முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் படக்காரர் ஓய்வு பெற்றார். எக்ஸ்ரே பிரிவில் கைதட்டி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு அக்கா தன் அறையில் உட்கார்ந்து அவருடைய கணக்கை மூடினாள். மறந்துபோகிற வேலை இனி அவளிடம் கிடையாது. மூடி முடித்த பிறகு நிமிர்ந்தால் கதவருகே படக்காரர், கையில் கடிகாரத்தோடு.

“முடிச்சாச்சாம்மா?”

“ஆச்சு அண்ணே. இனி உள்ள வர முடியாது.”

“அது சரிதான். அதில்ல...” கடிகாரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “அந்த எண்ணு. போன்ல வர்றது. அதுவும் போயிடுமா? காலைல எந்திரிச்ச உடனே அவ அதைத்தான் எடுத்துப் படிக்கிறா. இப்பல்லாம் அந்த ரயில்வே குரல்லயே படிக்கிறா.”

அக்கா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள்.

“அது உங்க போன்ல இருக்கறது அண்ணே. அழிக்காம வச்சிருந்தா ஓடிக்கிட்டே இருக்கும். இனிமே எதையும் திறக்காது, அவ்வளவுதான். அவங்க இஷ்டத்துக்குப் படிக்கட்டும்.”

“திறக்காட்டி என்னம்மா” என்றார் படக்காரர். கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.